காட்டுவது ஒரு விதம், கேட்பது ஒரு விதம்: எங்கள் நெட்வொர்க் கருவியை எப்படிச் சரிசெய்வது?

#1 பாலக்கோடு_கம்பிவலை

எல்லோருக்கும் வணக்கம். பாலக்கோட்டில் சின்ன அளவில் ஃபைபர் இணைப்பு கொடுக்கிறோம். மாரண்டஹள்ளி, பஞ்சப்பள்ளி பக்கமும் லைன் போகிறது. இணைப்புகளைக் கையாள நானும் நண்பரும் மூன்று வருடமாகப் பைத்தானில் ஒரு கட்டளைவரிக் கருவி (கட்டளையைத் தட்டச்சு செய்து ஓட்டுவது) எழுதி வருகிறோம். பெயர் ‘கம்பி’. தேவை வரும்போதெல்லாம் ஒரு துணைக்கட்டளை சேர்த்தோம். இப்போது ஒவ்வொரு கட்டளையும் ஒவ்வொரு பாஷை பேசுகிறது.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் எல்லா வீட்டிலும் நெட் மெதுவாகிறது என்று போன் மேல் போன். மேலே போகும் லைன் நிரம்பி வழிகிறது. வாடிக்கையாளர் எண்ணிக்கை அப்படி ஒன்றும் கூடவில்லை. ‘கம்பி பட்டியல்’ கொடுத்துப் பார்த்தால் எல்லோருக்கும் 50, 50, 50 என்றே வருகிறது. மூன்று நாள் ஃபைபரையும் சுவிட்சையும் சந்தேகப்பட்டோம். நான்காம் நாள் நண்பர் கைத்தவறுதலாகப் பழைய ‘கம்பி காட்டு’ கட்டளையைக் கொடுத்தார். அதே வீட்டுக்கு 400 என்று வந்தது.

காரணம் இதுதான். லினக்ஸில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிசி கட்டளையில் ‘எம்பிட்’ என்றால் மெகாபிட். ‘எம்பிபிஎஸ்’ என்றால் மெகாபைட். பில்லிலும் விளம்பரத்திலும் எம்பிபிஎஸ் என்று மெகாபிட்டைத்தானே எழுதுகிறோம், அந்தப் பழக்கத்தில் புதிய கட்டளையில் ‘50எம்பிபிஎஸ்’ என்று அனுப்பிவிட்டேன். டிசி அதை எட்டால் பெருக்கி 400 மெகாபிட்டாக வைத்துக்கொண்டது. பட்டியல் கட்டளை எழுதிய நண்பருக்கு 400 என்று வந்ததும், காட்டும் இடத்தில்தான் பிழை என்று நினைத்து எட்டால் வகுத்துவிட்டார். போகும்போது ஒரு தப்பு, வரும்போது ஒரு தப்பு, இரண்டும் சேர்ந்து திரையில் சரியாகத் தெரிந்தன. நாற்பது வீடு எட்டு மடங்கு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

வேகம் மட்டும் என்றால் திருத்திவிட்டுப் போய்விடுவேன். மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள வன்பொருள் அடையாள எண்) ஓரிடத்தில் முக்காற்புள்ளியோடும், ஓரிடத்தில் சிறுகோட்டோடும், சுவிட்சிலிருந்து வரும்போது நான்கு நான்காகப் புள்ளி வைத்தும் காட்டுகிறோம். ஐபி முகவரியில் எந்தப் பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று சொல்லும் நெட்மாஸ்க் ஓரிடத்தில் /24, ஓரிடத்தில் 255.255.255.0. தேதி மூன்று விதம். ஒரு கட்டளை காட்டியதை நகலெடுத்து இன்னொன்றில் ஒட்டினால் ‘தவறான உள்ளீடு’ என்கிறது. எங்கிருந்து தொடங்கலாம்?

#2 ஓசூர்_இரவுப்பணி

அண்ணா, நாற்பது வீட்டோடு போனது நல்லது. அந்த டிசி விஷயத்தில் உங்களைக் குறை சொல்ல முடியாது, கையேட்டை வரிவரியாகப் படிக்காதவர்கள் எல்லோரும் விழுந்த குழி அது. அதே டிசி, பர்ஸ்ட் அளவை (ஒரே மூச்சில் அனுப்ப விடும் அளவு) காட்டும்போது ‘15கேபி’ என்று காட்டும். அந்த ‘பி’ பைட். வேகத்தில் ‘பிட்’ என்று முழுதாக எழுதினால் பிட். நேர அளவில் வெறும் எண் கொடுத்தால் மைக்ரோ நொடி.

தொடங்கும் இடம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. உங்கள் கருவி எதைக் காட்டுகிறதோ அதை அப்படியே திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டும், உள்ளே அதே மதிப்பு கிடைக்க வேண்டும். இந்த ஒன்றைச் சோதனையாக எழுதுங்கள். தரவுத்தளத்தில் உள்ள ஒவ்வொரு வாடிக்கையாளரையும் எடு, திரையில் காட்டும் எழுத்தாக மாற்று, அந்த எழுத்தை உள்ளீடாகப் படி, முதலில் இருந்த மதிப்போடு ஒப்பிடு. இருபது வரி வராது. இன்றிரவே ஓட்டிப் பாருங்கள், எங்கெல்லாம் இடிக்கிறது என்ற பட்டியல் தானாகக் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. காட்டும் பகுதியையும் படிக்கும் பகுதியையும் மட்டும் சோதித்தால் உங்கள் எட்டு மடங்குப் பிழை தப்பிவிடும். பெருக்கலும் வகுத்தலும் சரியாக ஈடுகட்டுமே. அதனால் நடுவில் ஒரு முறை டிசி உண்மையில் என்ன வைத்திருக்கிறது என்பதை வாங்கி, வினாடிக்கு எத்தனை பிட் என்ற முழு எண்ணோடு ஒப்பிட வேண்டும். 50 மெகாபிட் என்றால் 50000000. அது பொருந்தாவிட்டால் திரையில் என்ன தெரிந்தாலும் தப்புதான்.

#3 அரூர்_ஸ்ப்ளைசிங்

நான் புரோகிராமர் இல்லீங்க, லைனில் போகிறவன். ஆனால் இதே மாதிரி ஒன்றில் அலைந்திருக்கிறேன், சொல்கிறேன்.

எங்கள் ஆபீசில் வாடிக்கையாளர் பட்டியல் எக்செலில் இருக்கும். வரிசையாக அடுக்க வசதியாக ஐபி முகவரியை மூன்று மூன்று இலக்கமாக எழுதி வைத்திருந்தார்கள். ஒருநாள் ஒரு வீட்டில் நெட் இல்லை என்று புகார். பட்டியலில் அவர் முகவரி 192.168.010.025. அதை அப்படியே நகலெடுத்து, அந்த முகவரி பதில் சொல்கிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையைக் கொடுத்தேன், பதில் வந்தது. ‘லைன் நல்லா இருக்குங்க, உங்க ரூட்டரை ஒரு தடவை அணைச்சுப் போடுங்க’ என்று சொல்லிவிட்டேன். அவர் மூன்று தடவை போன் செய்தார், மூன்று தடவையும் பிங் போட்டேன், பதில் வந்தது. சாயங்காலம் நேரில் போனால் கம்பத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் ஃபைபரே அறுந்து தொங்குகிறது. வயசானவர். ‘மூணு தடவையும் நல்லா இருக்குன்னு சொன்னியேப்பா’ என்று மட்டும் கேட்டார். எனக்கு முகம் கொடுத்துப் பேச முடியவில்லை.

அறுந்த லைனிலிருந்து பிங் எப்படிப் பதில் சொன்னது என்பது இன்று வரைக்கும் புரியவில்லை.

#4 கிருஷ்ணகிரி_பாலிடெக்னிக்

அரூர் தம்பி, உங்களுக்குப் பதில் சொன்னது வேறொருவர் வீடு. நான் வகுப்பில் நெட்வொர்க்கிங் நடத்துகிறேன், இதை ஒவ்வொரு வருடமும் பலகையில் எழுதிக் காட்டுவேன்.

லினக்ஸில் பல பழைய கருவிகள் முகவரியைப் படிக்க சி மொழியின் ஒரு பழைய செயல்கூற்றைப் பயன்படுத்துகின்றன. அதில் எண்ணுக்கு முன்னால் சுழியம் இருந்தால் அது எட்டடிமான எண், அதாவது பத்துப் பத்தாக இல்லாமல் எட்டெட்டாக எண்ணுவது. 010 என்றால் பத்து இல்லை, எட்டு. 025 என்றால் இரண்டெட்டு பதினாறு, அதோடு ஐந்து, ஆக இருபத்தொன்று. நீங்கள் பிங் செய்தது 192.168.8.21. அந்த வீட்டில் நெட் நன்றாக இருந்திருக்கிறது.

இதில் இன்னும் ஆபத்தானது என்னவென்றால், எட்டடிமானத்தில் 8, 9 என்ற இலக்கங்களே கிடையாது. கடைசி எண் 029 என்று இருந்திருந்தால் பிங் உடனே பிழை சொல்லியிருக்கும். 025க்குச் சொல்லாது. ஆக சில முகவரிக்குப் பிழை வரும், சிலது அமைதியாக வேறு வீட்டுக்குப் போகும். ‘சில நேரம் வேலை செய்யுது’ என்று லைன் ஆட்கள் சொன்னால் நாம் நம்புவதில்லை. அவர்கள் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள்.

பாலக்கோடு தம்பி, உங்கள் கருவியிலும் இது இருக்க வாய்ப்பு அதிகம். பைத்தானின் ஐபி நூலகம் சில பழைய பதிப்புகளில் முன்சுழியத்தைச் சாதாரணப் பத்தாகவே எடுத்துக்கொண்டது. 3.9.5 பதிப்பிலிருந்து மறுத்துவிடுகிறது. கோ மொழியும் 2021இல் வந்த 1.17 பதிப்பில் மறுக்கத் தொடங்கியது. உங்கள் ஒரு கட்டளை பைத்தான் நூலகம் வழியாகவும், இன்னொன்று எழுத்தை நேரே பிங்குக்கும் அனுப்பினால், ஒரே கருவிக்குள் ஒரே எழுத்து இரண்டு முகவரி ஆகிவிடும்.

#5 அரூர்_ஸ்ப்ளைசிங்

இத்தனை நாள் கழித்து இன்றுதான் விளங்கியது. ரொம்ப நன்றிங்க மேடம். எக்செலில் முன்னால் இருக்கும் சுழியத்தை எல்லாம் நாளைக்கே எடுக்கச் சொல்கிறேன்.

#6 பாலக்கோடு_கம்பிவலை

மேடம், சோதித்தேன், நீங்கள் சொன்ன அதே நிலைதான். ‘கம்பி காட்டு’ 010ஐப் பத்தாக எடுக்கிறது, ‘கம்பி பிங்’ எட்டாக எடுக்கிறது. கை நடுங்கிவிட்டது.

ஓசூர் தம்பி சொன்ன சோதனையையும் ஓட்டினேன். அதில் எதிர்பாராத ஒன்று கிடைத்தது. வாடிக்கையாளர் எண்ணையே டிசி வகுப்பு எண்ணாகவும் (வீட்டுக்கு வீடு வேக வரம்பு வைக்கும் பிரிவு), லினக்ஸ் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸ் போடும் குறியாகவும் கொடுக்கிறோம். 1050 என்று இரண்டுக்கும் கொடுத்தால், திரும்பி வரும்போது டிசியில் 1050 என்றே வருகிறது, ஐபிடேபிள்ஸில் 0எக்ஸ்41ஏ என்று வருகிறது. இரண்டும் ஒரே எண்ணா?

#7 ஓசூர்_இரவுப்பணி

இல்லை அண்ணா. டிசி வகுப்பு எண்ணை எப்போதும் பதினாறடிமானமாகவே (பதினாறு பதினாறாக எண்ணுவது) படிக்கும், அதற்கு அடையாளமான 0எக்ஸை முன்னால் கேட்காது. நீங்கள் கொடுத்த 1050 அதற்கு 4176. அதையும் பதினாறடிமானத்திலேயே காட்டுவதால் எழுத்து ஒன்றுபோலத் தெரிகிறது. ஐபிடேபிள்ஸ் உங்கள் 1050ஐப் பத்தடிமானமாகப் படித்து, காட்டும்போது மட்டும் பதினாறடிமானமாக்குகிறது. முதலாவது பார்க்கச் சரி, உள்ளே வேறு. இரண்டாவது பார்க்க வேறு, உள்ளே சரி.

இன்னொன்று. வகுப்பு எண்ணுக்குப் பதினாறு பிட்தான் இடம், அதாவது நான்கு இலக்கம். வாடிக்கையாளர் எண் ஐந்து இலக்கம் ஆகும் நாளில் டிசி மறுத்துவிடும். ஊருக்கு ஒரு முன்னெண் சேர்த்து எண் கொடுக்கும் யோசனை இருந்தால் அதற்கு முன் இதைச் சரிசெய்யுங்கள்.

#8 காவேரிப்பட்டணம்_கேபிள்

தம்பிகளே, நான் கேபிள் டிவி காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறேன். நீங்கள் பேசுவது எல்லாம் சரி. ஆனால் ஓடுகிற வண்டியைக் கழற்றிப் போடாதீர்கள். எங்களிடம் ஒருவர் ‘அழகாக இருக்கட்டும்’ என்று பட்டியலில் ஒரு பத்தியை இடம் மாற்றினார். பில் போடும் ஸ்கிரிப்ட் நான்காவது பத்தியை எடுத்துக்கொண்டிருந்தது. மாதக் கடைசியில் எல்லோருக்கும் போர்ட் எண்ணையே பாக்கித் தொகையாகப் போட்டு எஸ்எம்எஸ் போய்விட்டது. 14 ரூபாய் பாக்கி என்று வந்தவர் உடனே கட்டிவிட்டார், 600 வர வேண்டியது. அதைச் சொல்லி மறுபடி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அப்புறம் கை பழக்கம் என்று ஒன்று இருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு ஸ்கிரீனைப் பார்க்காமலே கட்டளை வரும். சுவரில் தாள் ஒட்டியிருக்கிறோம். வெறும் ‘50’ என்றால் இத்தனை நாள் ஒரு அர்த்தம், திங்கட்கிழமை முதல் வேறு அர்த்தம் என்றால் யார் பொறுப்பு?

#9 கிருஷ்ணகிரி_பாலிடெக்னிக்

அண்ணன் சொல்வதில் பெரிய நியாயம் இருக்கிறது. வெறும் எண்ணின் அர்த்தத்தைச் சத்தமில்லாமல் மாற்றுவதுதான் இருப்பதிலேயே மோசம். அர்த்தத்தை மாற்றாதீர்கள், மறுத்துவிடுங்கள். ‘50 என்றால் எந்த அளவு? மெகாபிட் என்றால் 50எம்பிட் என்று கொடுங்கள்’ என்று கருவி கேட்கட்டும். மறுத்தால் ஆள் ஒரு நிமிடம் திட்டுவார், அவ்வளவுதான்.

பட்டியல் விஷயத்தில், மனிதர் பார்க்கும் வடிவத்தையும் ஸ்கிரிப்ட் படிக்கும் வடிவத்தையும் பிரித்துவிட வேண்டும். லினக்ஸின் ஐபி கட்டளையில் ‘-ஜே’ கொடுத்தால், ஸ்கிரிப்ட் படிக்க வசதியாகப் பெயரும் மதிப்புமாக அடுக்கிய ஜேசான் வடிவம் வருகிறதே, அதுபோல. பில் ஸ்கிரிப்டை ஜேசானுக்கு மாற்றும் வரை பழைய பட்டியலில் ஒரு எழுத்தைக்கூடத் தொடாதீர்கள்.

#10 ஓசூர்_இரவுப்பணி

மேடம், ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். எல்லாவற்றையும் மறுத்துக்கொண்டே போனால் லைன் ஆட்கள் கருவியையே விட்டுவிடுவார்கள். அனுப்புவதில் கறாராக இரு, வாங்குவதில் தாராளமாக இரு என்று ஜான் போஸ்டல் 1980லேயே இணைய நெறிமுறை ஆவணத்தில் எழுதி வைத்தார். நடு ராத்திரியில் கம்பத்தடியில் நிற்பவரிடம் மேக் முகவரிக்கு முக்காற்புள்ளி எங்கே என்று கேட்பது நியாயமா?

#11 கிருஷ்ணகிரி_பாலிடெக்னிக்

மேக் முகவரிக்கு நீங்கள் சொல்வது சரி. 02:00:10:45:70:31 என்று கொடுத்தாலும், 02-00-10-45-70-31 என்றாலும், 0200.1045.7031 என்றாலும் உள்ளே பன்னிரண்டு இலக்கம்தான், வேறு எதுவாகவும் படிக்க வழியில்லை. அதைத் தாராளமாக வாங்கலாம், வாங்க வேண்டும். 010 அப்படி இல்லையே. அதற்கு இரண்டு அர்த்தம். அதை வாங்கிக்கொள்வது தாராளம் ஆகாது, ஊகம். அந்த ஊகத்தில்தான் அரூர் தம்பி ஒரு பெரியவரிடம் தலைகுனிந்து நின்றார்.

போஸ்டலின் கொள்கையை அப்படியே பிடித்துக்கொண்டதால் பிழைகள் வேரூன்றி நிலைத்துவிட்டன என்று ஆர்எஃப்சி என்ற இணைய ஆவண வரிசையில் 2023இல் வந்த 9413 எண்ணுள்ள ஆவணம் ஒன்று விரிவாகப் பேசுகிறது. நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

வாங்குவது எத்தனை விதமானாலும் காட்டுவது ஒன்றாக இருக்கட்டும். ஐபிவி6 என்ற புதிய வகை ஐபி முகவரிக்கு அப்படித்தான் 2010இல் அதே வரிசையில் 5952 எண்ணுள்ள ஆவணம் வந்தது. ஒரே முகவரியைப் பல விதமாக எழுதலாம், ஆனால் காட்டும்போது சிறிய எழுத்து, முன்சுழியம் கூடாது, இரட்டை முக்காற்புள்ளி எங்கே வர வேண்டும் என்று ஒரே வடிவம்.

#12 ஓசூர்_இரவுப்பணி

சரி மேடம், ஒத்துக்கொள்கிறேன். ஒரே அர்த்தம் உள்ளதை எந்த வடிவிலும் வாங்கலாம், இரண்டு அர்த்தம் உள்ளதை மறுக்கலாம்.

பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற நேரக்கெடுவையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் பிங்கில் பெரிய டபிள்யூ நொடிக்கணக்கு, மேக் கணினியில் அதே எழுத்து மில்லி நொடி, விண்டோஸில் சிறிய டபிள்யூ, அதுவும் மில்லி நொடி. கருவி ‘2நொ’ என்று வாங்கி, எந்தக் கணினியில் ஓடுகிறதோ அதற்கு ஏற்ப மாற்றிக் கொடுக்கட்டும்.

#13 அரூர்_ஸ்ப்ளைசிங்

ஃபைபர் வழியாக வீட்டுக்கு வந்து சேரும் ஒளி அளவைப் பற்றி யாரும் பேசவில்லை, டிபிஎம் கணக்கில் பார்ப்போம், எங்களுக்கு அதுதான் முக்கியம். நாங்கள் பேசும்போது மைனஸ் சொல்ல மாட்டோம். ‘அண்ணா, 22 வருது’, ‘இந்த வீட்ல 28க்குப் போயிடுச்சு’ என்போம். கருவி திரையில் -22.40 என்று காட்டும். நான் 27க்கு மேல் உள்ள வீடுகளைக் கேட்டால் நல்ல லைன் எல்லாம் வருகிறது, மோசமான லைன் வருவதில்லை.

#14 பாலக்கோடு_கம்பிவலை

இது என் கருவியிலும் அப்படியே இருக்கிறது. கணக்குப்படி -20 தான் -27ஐ விடப் பெரியது, அதனால் ‘மேல்’ என்றால் நல்ல லைன் வருகிறது. லைனில் இருப்பவருக்கு 28 என்பது 27ஐத் தாண்டிய மோசம். இரண்டு பேர் சொல்வதும் சரி, கட்டளையின் பெயர்தான் தப்பு. ‘மேல்’, ‘கீழ்’ இரண்டையும் எடுத்துவிட்டு ‘மோசம் 27’ என்று வைக்கப்போகிறேன். மைனஸ் இல்லாமல் கொடுத்தாலும் இங்கே வாங்கலாம் அல்லவா? +27 டிபிஎம் என்றால் அரை வாட். வீட்டுக் கருவிக்கு அந்த ஒளி வரவே வராது, ஆக இரண்டாவது அர்த்தம் கிடையாது. காட்டும்போது மட்டும் எப்போதும் மைனஸோடு.

#15 கிருஷ்ணகிரி_பாலிடெக்னிக்

தாராளமாக வாங்கலாம். பி பிளஸ் என்ற ஒளித்தர வகையில் வீட்டுக் கருவி வாங்கக்கூடிய மிகக் குறைந்த ஒளியே -27 தான், அதனால் முன்னிருப்பு மதிப்பாகவும் அதையே வைக்கலாம். இரண்டு மூன்று டெசிபல் முன்னாலேயே எச்சரித்தால் இன்னும் நல்லது.

#16 பாலக்கோடு_கம்பிவலை

பத்து நாள் உட்கார்ந்து எழுதினோம். உள்ளே வேகம் என்றால் வினாடிக்கு பிட் எண்ணிக்கை, முழு எண். மேக் ஒரு எண், ஐபி ஒரு எண், நேரம் மில்லி நொடி. எழுத்தாக எதையும் உள்ளே வைப்பதில்லை. படிக்க ஒரு கோப்பு, காட்ட ஒரு கோப்பு, எல்லாக் கட்டளையும் அந்த இரண்டு வாசல் வழியாகத்தான் போக வேண்டும். தேதி எங்கும் வருடம் முதலில். பழைய பட்டியலைத் தொடவில்லை, காவேரிப்பட்டணம் அண்ணன் சொன்னது மனதில் நின்றது. பில் ஸ்கிரிப்டை ஜேசானுக்கு மாற்றிவிட்டோம், இரண்டு மாத பில் சரியாக வந்த பிறகு பழையதை எடுப்போம்.

நாங்கள் அதிகம் மல்லாடியது ஊர்ப்பெயரோடு. சோதனையில் ‘பாலக்கோடு’ என்று தேடினால் சில வீடுகள் வருவதில்லை. திரையில் எழுத்து அச்சு அசலாக ஒன்றுதான். பைட்டுகளைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. ‘கோ’வில் உள்ள ஓகாரக் குறி சில இடத்தில் ஒரே குறியீடாகவும், சில இடத்தில் இரட்டைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியீடாகவும் பதிவாகியிருக்கிறது. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. யூனிகோடின் இயல்பாக்கும் முறையால் உள்ளே வரும்போதே ஒன்றாக்கிவிட்டோம்.

பத்தி கோணலாவதும் அதே இடத்திலிருந்துதான். பாலக்கோடு நம் கணக்கில் ஐந்து எழுத்து, யூனிகோடில் ஒன்பது குறியீடு, யூடிஎஃப் 8இல் இருபத்தேழு பைட். எந்த எண்ணை வைத்து இடைவெளி விடுவது? ஒவ்வொரு டெர்மினலும் ஒரு அகலம் காட்டுகிறது. இரண்டு நாள் போராடிவிட்டு ஊர்ப்பெயரைக் கடைசிப் பத்திக்குக் கொண்டுபோனோம். அதற்குப் பின்னால் எதுவும் இல்லாததால் அகலம் எதுவானாலும் கோணல் தெரியாது.

#17 காவேரிப்பட்டணம்_கேபிள்

ஊர்ப்பெயர் விஷயம் எங்களுக்கும் இருக்கிறது தம்பி. தேடினால் வராத வீடுகளை ஒவ்வொன்றாக மறுபடி தட்டச்சு செய்துகொண்டிருந்தோம். அந்தப் பகுதியை மட்டும் எனக்கு அனுப்ப முடியுமா?

#18 பாலக்கோடு_கம்பிவலை

கட்டாயம் அனுப்புகிறேன் அண்ணா, நான்கு வரிதான்.

#19 அரூர்_ஸ்ப்ளைசிங்

அண்ணா, உங்கள் கருவியை எங்கள் ஆபீசிலும் போட்டுப் பார்த்தோம். பழைய கட்டளைக்கு என்ன மாற்ற வேண்டும் என்று அதுவே சொல்லிவிடுகிறது, அது ரொம்ப வசதி. ஒன்றே ஒன்று. ஆபீசிலிருந்து கட்டளையை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், அதை அப்படியே ஒட்டினால் சில நேரம் ‘தெரியாத விருப்பம்’ என்கிறது. கையால் அடித்தால் வேலை செய்கிறது. ஐபோன் வைத்திருப்பவர் அனுப்பினால் மட்டும் இப்படி ஆகிறது.

#20 ஓசூர்_இரவுப்பணி

இரண்டு சிறுகோடு சேர்ந்து ஒரு நீளக் கோடாகியிருக்கும். ஐபோன் விசைப்பலகை தானாகவே அப்படி மாற்றும். மேற்கோள் குறியையும் வளைத்துவிடும். நீளக் கோட்டுக்கு இங்கே வேறு அர்த்தம் கிடையாது, உள்ளே வரும்போதே இரண்டு சிறுகோடாக ஆக்கிவிடலாம்.

#21 பாலக்கோடு_கம்பிவலை

படிக்கும் கோப்பில் சேர்த்துவிட்டேன், வளைந்த மேற்கோளையும் கணிதக் கழித்தல் குறியையும் சேர்த்து. அரூர் தம்பி, அந்த வாட்ஸ்அப் செய்தியைத் திருத்தாமல் அப்படியே எனக்கு அனுப்புங்கள். சோதனைக் கோப்பில் போட்டுக்கொள்கிறேன். நாளைக் காலை பஞ்சப்பள்ளி லைனுக்குக் கிளம்புவதற்கு முன் புதிய பதிப்பை ஏற்றிவிடுகிறேன்.